தரகர் மேஜைக்கு ஒரு கையேடு: எழுதி, அச்சேற்றி, விற்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு, மனை, கடை என்று வாங்கி விற்றுத் தரும் தொழிலில் ஊறியவர்கள், அதே தொழிலில் இருக்கும் மற்றவர்களுக்காக ஒரு செய்முறைக் கையேடு எழுத நினைக்கும்போது கேட்கிற கேள்விகள் இவை. தொழில் கையேடுகளை எடிட் செய்வது என் வேலை. பதில்களில் என் சொந்த விருப்பு வெறுப்பும் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருபது வருட அனுபவம் இருக்கிறது, எழுதிப் பழக்கம் இல்லை. என்னால் முடியுமா?

முடியும். என்னிடம் வந்த நல்ல கையேடுகளை எழுதியவர்களில் பலர், அதற்கு முன் கடிதமும் விளம்பரமும் தவிர வேறெதுவும் எழுதியதில்லை. இந்த வகைப் புத்தகத்துக்கு நடை அழகு பெரிய விஷயமில்லை. செய்கிற வரிசை சரியாக இருக்க வேண்டும், விட்டுப்போகிற படி எதுவும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லையா? புதிதாகச் சேர்ந்த பையனுக்கோ பெண்ணுக்கோ ஒரு வேலையைச் சொல்லிக்கொடுங்கள், அதை மொபைலில் பதிவு செய்யுங்கள். பிறகு கேட்டு எழுதுங்கள். பேசும்போது எட்டிப் பார்க்காத அலங்காரமெல்லாம் எழுதும்போது வந்து உட்கார்ந்துகொள்ளும். பதிவிலிருந்து எழுதினால் அந்தத் தொல்லை பாதி குறையும். கேட்பவர் நடுவில் “அது எப்படி?” என்று கேட்ட இடங்களைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். வாசகரும் அங்கேதான் தடுக்கி விழுவார்.

ரியல் எஸ்டேட் பற்றி எல்லாவற்றையும் ஒரே புத்தகத்தில் சொல்லிவிடலாம் அல்லவா?

சொல்லலாம். வாங்குவதற்குத்தான் ஆள் இருக்காது.

எழுதத் தொடங்குமுன் ஒன்றை முடிவு செய்யுங்கள்: இந்தப் புத்தகத்தை யார், எந்த நேரத்தில் திறப்பார்? “தரகர்கள் படிப்பார்கள்” என்பது பதிலாகாது. “வாடகைக்கு விடும் வேலை மட்டும் பார்த்தவர், முதல்முறையாக ஒரு வணிகக் கட்டடத்தை விற்றுத் தர ஒப்புக்கொண்டிருக்கிறார், நாளை காலை உரிமையாளரைப் பார்க்கப் போகிறார், இன்று இரவு திறப்பார்” என்பது பதில். அந்த இரவு உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டால் பொருளடக்கம் தானாக வந்துவிடும். எதை விடலாம் என்பதும் தெரிந்துவிடும். வணிகக் கட்டடம் என்றால் என்ன என்று அவருக்கு விளக்க வேண்டியதில்லை. இப்போதிருக்கும் வாடகைதாரர்களின் ஒப்பந்தங்களில் எதையெதைப் பார்க்க வேண்டும் என்பதை விளக்கித்தான் ஆக வேண்டும்.

பிரிந்த குடும்பத்தின் பொதுச் சொத்தை விற்பது, வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளருக்காக வேலை பார்ப்பது, விலை குறைக்க மறுக்கும் விற்பவரைக் கையாள்வது, தனி ஆளாக ஓடியவர் நான்கு பேரை வைத்து அலுவலகம் நடத்துவது: இதில் ஒவ்வொன்றும் ஒரு முழுப் புத்தகத்துக்குத் தாங்கும். “வெற்றிகரமான ரியல் எஸ்டேட் முகவராவது எப்படி” என்பது தாங்காது. அந்தத் தலைப்பில் ஏற்கெனவே குவிந்து கிடக்கிறது.

எத்தனை பக்கம் இருக்க வேண்டும்?

நாற்பதாயிரத்திலிருந்து அறுபதாயிரம் சொல் என்பது ஆங்கில வணிக நூல்களில் வழக்கமான அளவு. கையேட்டுக்கு இதைவிடக் குறைவாக இருந்தாலும் குற்றமில்லை. பக்கத்தைக் கூட்டுவதற்காக முதல் அத்தியாயத்தில் வீட்டின் வரலாற்றை மனிதன் குகையில் வாழ்ந்த காலத்திலிருந்து தொடங்குகிறவர்கள் உண்டு. நான் அடித்துவிடுவேன்.

நான் எழுதியிருப்பது கையேடா, வெறும் அறிவுரையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு பத்தியை எடுத்துக் காட்டுகிறேன். இந்த மாதிரி கைப்பிரதிகளில் அடிக்கடி வருகிற ரகம் இது:

“வாடிக்கையாளரின் நம்பிக்கையைப் பெறுவது மிகவும் அவசியம். அவருடைய தேவைகளைக் கவனமாகக் கேட்டறிந்து அதற்கேற்பச் செயல்பட வேண்டும்.”

தப்பென்று சொல்ல எதுவுமில்லை. பயன்படவும் எதுவுமில்லை. இதே விஷயத்தை எழுதியவரையே உட்காரவைத்து, “சரி, நீங்கள் என்னதான் கேட்பீர்கள்?” என்று கேட்டால் இப்படி வரும்:

“விற்பவரை முதல்முறை பார்க்கும்போது விலை பேசாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். ஏன் விற்கிறீர்கள்? எந்தத் தேதிக்குள் பணம் கையில் வேண்டும்? பத்திரத்தில் யார் யார் கையெழுத்துப் போட வேண்டும்? மூன்றாவது கேள்விக்கு ‘நான்தான், வேறு யாரும் இல்லை’ என்று உடனே பதில் வந்தால், உரிமை ஆவணத்தைக் காட்டச் சொல்லுங்கள். ‘தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்கணும்’ என்று வந்தால், அந்தத் தம்பியைப் பார்க்கும்வரை விளம்பரத்துக்குச் செலவு செய்யாதீர்கள்.”

இரண்டாவதைப் படித்தவர் மறுநாள் அதைச் செய்யலாம். எழுதி முடித்த பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் விரலை வைத்து, “இதைப் படித்தவர் நாளை என்ன செய்வார்?” என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராத பக்கம் போகட்டும்.

நடந்த பேரங்களை உதாரணமாக எழுதலாமா? பெயரை மாற்றிவிடுகிறேன்.

பெயரை மாற்றினால் மட்டும் போதாது. உங்கள் தொழிலில் ஆளை அடையாளம் காட்டுவது பெயரைவிடச் சொத்துதான். தெருமுனையில் இருக்கும் நீல வாசல் வீடு, மூன்று சகோதரிகள், விற்ற வருடம் என்று எழுதிவிட்டால் ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இடத்தையும் தொகையையும் குடும்ப அமைப்பையும் மாற்றுங்கள், அல்லது இரண்டு மூன்று பேரங்களைக் கலந்து ஒன்றாக்குங்கள். அப்படிச் செய்திருப்பதை முன்னுரையில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். வாடிக்கையாளர் ரகசியத்தைக் காப்பது உங்கள் உரிமத்தின் நிபந்தனையாகவே இருக்கலாம், அதையும் பாருங்கள்.

போட்டித் தரகர் ஒருவர் உங்களுக்குச் செய்த துரோகத்தை எழுதும் ஆசை வரும். எழுதுங்கள், மனம் ஆறும். பிறகு அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள். அவதூறு வழக்கு வந்தால் அதை எதிர்கொள்ளப்போவது நீங்கள்தான். பதிப்பக ஒப்பந்தங்களில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கும்: புத்தகத்தால் வழக்கு வந்தால் செலவு ஆசிரியருடையது என்று.

நாங்கள் தினமும் பயன்படுத்தும் ஒப்பந்தப் படிவங்களையும் வீட்டுப் படங்களையும் அப்படியே சேர்க்கலாமா?

தினமும் பயன்படுத்துவதும் உரிமையாளராக இருப்பதும் வேறு வேறு. ஒரு சங்கமோ நிறுவனமோ உருவாக்கிய மாதிரிப் படிவத்துக்குப் பதிப்புரிமை அவர்களிடம் இருக்கலாம். விளம்பரத்துக்கு எடுத்த வீட்டுப் படங்கள் பெரும்பாலும் எடுத்தவருடையவை. வீட்டுக்காரர் அந்த வீட்டை விற்க அனுமதித்தார் என்பதற்காகப் புத்தகத்தில் போடவும் அனுமதித்தார் என்று ஆகாது. 1886இல் கையெழுத்தான பெர்ன் உடன்படிக்கையில் இருக்கும் நாடுகளில் பதிப்புரிமை படைத்த கணமே வந்துவிடுகிறது. பதிவு செய்திருக்க வேண்டியதில்லை, மூலையில் © என்ற அந்த வட்டக் குறி இருக்க வேண்டியதில்லை. அதனால் “குறி எதுவும் இல்லையே, எடுத்துக்கொண்டேன்” என்ற பேச்சு எடுபடாது.

அதே சட்டம் உங்களையும் காக்கிறது. ஆனால் உங்கள் யோசனையைக் காக்காது, எழுதிய விதத்தைத்தான் காக்கும். உங்கள் மூன்று கேள்விகளை வேறொருவர் தன் சொற்களில் எழுதினால் தடுக்க முடியாது.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. “ரியல்டர்” என்பதை ரியல் எஸ்டேட் முகவர் என்ற பொருளில் எல்லோரும் சொல்கிறோம். அமெரிக்காவில் அது தேசிய ரியல்டர்கள் சங்கம் பதிவு செய்து வைத்திருக்கும் அடையாளச் சொல். அந்தச் சங்கத்தின் உறுப்பினரைக் குறிக்க மட்டுமே பயன்பட வேண்டும் என்பதில் அவர்கள் கறாராக இருப்பார்கள். புத்தகத்தின் தலைப்பில் அந்தச் சொல்லை வைக்காதீர்கள். முகவர், தரகர் என்றே போடுங்கள்.

சட்டமும் வரியும் மாறிக்கொண்டே இருக்கின்றன. புத்தகம் ஒரு வருடத்தில் பழசாகிவிடாதா?

மாறுவதையும் மாறாததையும் கலந்து எழுதினால் ஆகிவிடும். நான் வேலை பார்த்த ஒரு கையேட்டில் பதிவுக் கட்டண விகிதம் ஒன்று பன்னிரண்டு இடங்களில் வந்தது. விகிதம் மாறியது. மறுபதிப்பில் பதினோரு இடத்தில் திருத்தினோம். பன்னிரண்டாவது இடத்தை ஒரு வாசகர் கண்டுபிடித்து, பக்க எண்ணோடு, அவ்வளவு மரியாதையில்லாத ஒரு கடிதம் எழுதினார். அதற்குப் பிறகு என் விதி இதுதான்: விகிதம், கட்டணம், கெடு நாள், படிவ எண் எல்லாம் புத்தகத்தின் கடைசியில் ஒரே பின்னிணைப்பில். உள்ளே எங்கு வந்தாலும் “பின்னிணைப்பு பார்க்க” என்றுதான் வரும். பின்னிணைப்பின் தலையில், எந்தத் தேதி நிலவரம் என்று இருக்கும்.

முகப்பில் “இது சட்ட ஆலோசனை இல்லை” என்ற அறிவிப்பு போடுங்கள். அதே நேரம், அதைப் போட்டுவிட்டால் உள்ளே எதையும் எழுதலாம் என்று நினைக்காதீர்கள். சட்டம் தொடும் அத்தியாயங்களை ஒரு வழக்கறிஞரிடம் காசு கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். இந்த ஒரு செலவில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

முழுப் புத்தகத்தையும் எழுதிவிட்டுத்தான் பதிப்பகத்தை அணுக வேண்டுமா?

நாவலுக்குப் பொதுவாக அப்படித்தான். செய்முறை நூலுக்குப் பல பதிப்பகங்கள் முதலில் ஒரு முன்மொழிவுதான் கேட்கும். அதில் இருக்க வேண்டியது: புத்தகம் என்ன, யாருக்கு, அதே அலமாரியில் ஏற்கெனவே என்னென்ன இருக்கின்றன, உங்களுடையது எங்கே வேறுபடுகிறது, நீங்கள் யார், விற்க உங்களால் என்ன செய்ய முடியும், அத்தியாயம் அத்தியாயமாகச் சுருக்கம், ஒன்றிரண்டு மாதிரி அத்தியாயம்.

“இதுபோல் வேறு புத்தகமே இல்லை” என்று எழுதாதீர்கள். பதிப்பாசிரியர் அதை “தேடிப் பார்க்கவில்லை” என்றோ “வாங்க ஆள் இல்லை” என்றோதான் படிப்பார். நான்கைந்து நூல்களின் பெயரைச் சொல்லி, ஒவ்வொன்றும் எதை நன்றாகச் செய்கிறது, எதைத் தொடவில்லை என்று நேர்மையாக எழுதினால் மதிப்பு கூடும்.

மாதிரியாக முதல் அத்தியாயத்தை அனுப்புவது வழக்கம். என்னைக் கேட்டால், நடுவிலிருந்து மிகக் கனமான அத்தியாயத்தை அனுப்புங்கள். முதல் அத்தியாயம் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். விற்கும் திறனைப் பற்றி எழுதும்போது எண்ணிக்கை சொல்லுங்கள்: மாதம் எத்தனை பேருக்குப் பயிற்சி தருகிறீர்கள், எந்தச் சங்கக் கூட்டங்களில் பேசுகிறீர்கள், உங்கள் மின்னஞ்சல் பட்டியலில் எத்தனை முகவர்கள். “தொழிலில் எல்லோருக்கும் என்னைத் தெரியும்” என்பதற்கு மதிப்பெண் கிடையாது.

பதிப்பகம் நல்லதா, சொந்தமாக வெளியிடுவது நல்லதா?

உங்கள் வாசகர் எங்கே இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. பதிப்பகம் எடிட்டிங், வடிவமைப்பு, அச்சு, கடை வழி எல்லாவற்றையும் தன் காசில் செய்யும், நேரம் எடுக்கும். கைப்பிரதி கொடுத்து ஒரு வருடம் கழித்துப் புத்தகம் வருவது சாதாரணம். சொந்த வெளியீட்டில் வேகமும் கட்டுப்பாடும் உங்களிடம் இருக்கும், செலவும் உங்களிடம்தான்.

பொது வாசகருக்கான “வீடு வாங்குவது எப்படி” நூலென்றால் பதிப்பகத்துக்காகக் காத்திருப்பேன். சக தொழிலாளருக்கான குறுகிய கையேடு என்றால், அதை வாங்கக்கூடியவர்களில் பெரும்பகுதியை உங்களுக்கே நேரில் தெரியும். புத்தகக் கடை வழியே சுற்றிப்போய் அவர்களை அடைய வேண்டிய தேவை என்ன? சொந்தமாகப் போடுங்கள்.

“உங்கள் நூலை வெளியிடத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், இந்தக் கட்டணத்தைச் செலுத்துங்கள்” என்று கடிதம் வந்திருக்கிறது.

பணம் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். பதிப்பகம் என்றால் உங்களுக்குக் கொடுக்கும். நீங்கள் கொடுத்தால் அது சேவை நிறுவனம். சேவை நிறுவனமாக இருப்பதில் தப்பில்லை. சேவையை விற்கிறோம் என்று சொல்லி, இன்ன வேலைக்கு இன்ன விலை என்று பிரித்துக் காட்டினால் ஒப்பிட்டுப் பார்த்து வாங்கலாம். “தேர்ந்தெடுத்தோம்” என்று புகழ்ந்து, எடிட்டிங் முதல் விருது விண்ணப்பம் வரை ஒரே பொட்டலமாகக் கட்டி, உரிமையையும் எழுதி வாங்கிக்கொள்பவரிடம்தான் ஆபத்து. அமெரிக்காவின் அறிபுனை எழுத்தாளர் சங்கத்தின் ஆதரவில் இயங்கும் “ரைட்டர் பிவேர்” தளம் இத்தகைய நிறுவனங்களைப் பற்றி நீண்ட காலமாக எச்சரித்து வருகிறது. கையெழுத்துப் போடுமுன் அங்கே பெயரைத் தேடுங்கள்.

வில்லங்கம் பார்க்காமல் சொத்து வாங்காதே என்று ஊருக்குச் சொல்கிறவர்கள் நாம். தன் புத்தகம் என்றதும் அதை மறந்துவிடுகிறோம்.

பதிப்பக ஒப்பந்தத்தில் எதைப் பார்ப்பது?

முதலில் ராயல்டி, அதாவது விற்பனையில் உங்களுக்கு வரும் பங்கு, எதன் மேல் என்று. அட்டை விலை 100 என்று வையுங்கள். அட்டை விலையில் 10 சதவீதம் என்றால் பிரதிக்கு 10 கிடைக்கும். கடைக்கு 50 சதவீதக் கழிவு போக, பதிப்பகத்துக்கு வரும் நிகரத் தொகையில் 10 சதவீதம் என்றால் 5தான். சதவீதம் ஒன்று, பணம் பாதி.

அடுத்து, எந்தெந்த உரிமை போகிறது: அச்சு மட்டுமா, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, பயிற்சி வகுப்புக்கான பயன்பாடு எல்லாமா? நீங்கள் வகுப்பு எடுப்பவரென்றால் கடைசியைக் கண்டிப்பாக உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். “இதே பொருளில் வேறு நூல் எழுத மாட்டேன்” என்ற பிரிவு இருந்தால் அதைச் சுருக்கச் சொல்லுங்கள், உங்கள் தொழிலே அந்தப் பொருள்தானே. விற்பனை நின்றுபோனால் உரிமை எப்போது திரும்பி வரும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். “அச்சில் இல்லாதபோது” என்று மட்டும் இருந்தால் போதாது. மின்னூல் ஒன்று தளத்தில் கிடந்தாலே புத்தகம் அச்சில் இருப்பதாகச் சொல்லிவிடலாம். வருடத்துக்கு இத்தனை பிரதிக்குக் கீழே போனால் என்று எண்ணாகவே போடச் சொல்லுங்கள்.

ஐஎஸ்பிஎன் எண் கட்டாயமா?

புத்தகத்தை அடையாளம் காட்டும் எண் அது. நீங்களே கையில் விற்றால் தேவையில்லை. கடை, நூலகம், மொத்த விற்பனையாளர் வழியாகப் போக வேண்டுமென்றால் வேண்டும். 2007 ஜனவரி முதல் அது 13 இலக்கம். அந்தந்த நாட்டு முகமை தருகிறது. சில நாடுகளில் இலவசம், சில நாடுகளில் கட்டணம். காகித அட்டை, கெட்டி அட்டை, இபப் என்ற மின்னூல் வடிவம் ஒவ்வொன்றுக்கும் தனி எண். மறு அச்சுக்குப் பழைய எண்ணே போதும், உள்ளடக்கத்தைக் கணிசமாக மாற்றிய புதிய பதிப்புக்குப் புது எண் வேண்டும். அமேசானின் சொந்த வெளியீட்டுச் சேவையான கேடிபி இலவசமாகத் தரும் எண்ணை வேறு இடத்தில் பயன்படுத்த முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

எப்படி அச்சடிப்பது? எத்தனை பிரதி?

கேடிபி, இங்கிராம்ஸ்பார்க் போன்ற இடங்களில் ஆர்டர் வந்த பிறகு ஒவ்வொரு பிரதியாக அச்சடிக்கிறார்கள். கிடங்கு வேண்டாம், முதலீடும் அதிகமில்லை, ஆனால் ஒரு பிரதியின் அடக்க விலை அதிகம். ஆஃப்செட்டில் தகடு போடும் செலவு முதலிலேயே வந்துவிடும், எண்ணிக்கை கூடக் கூடப் பிரதியின் விலை இறங்கும். ஒரு பயிற்சி நிறுவனம் ஆயிரம் பிரதி கேட்டால் ஆஃப்செட் பேசுங்கள். அப்போது பக்க எண்ணிக்கையை ஃபாரத்துக்கு, அதாவது ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் பக்கத் தொகுதிக்கு, பொருந்தவைக்க வேண்டும்: 16 பக்கம் ஒரு ஃபாரம் என்றால் 160 பக்கம் சரியாக விழும், 163 பக்கம் காகிதத்தை வீணாக்கும்.

கையேடு என்பதால் பைண்டிங் பற்றிக் கொஞ்சம் யோசியுங்கள். முதுகில் பசை ஒட்டிய சாதாரணப் புத்தகம் மேஜையில் விரித்துவைத்தால் தானாக மூடிக்கொள்ளும். சரிபார்ப்புப் பட்டியலைப் பார்த்துக்கொண்டே போனில் பேசுகிறவருக்கு இது எரிச்சல். சுருள் கம்பி போட்டால் தட்டையாகக் கிடக்கும். லூலு போன்ற சில அச்சுத் தளங்களில் அது கிடைக்கிறது, ஆனால் முதுகு இல்லாத புத்தகத்தைக் கடைக்காரர் அலமாரியில் வைக்கத் தயங்குவார். நடுவழியும் உண்டு: சாதாரண பைண்டிங், உள்பக்க ஓரத்தில் தாராளமான இடைவெளி. ஒருமுறை இதைக் கவனிக்காமல் விட்டு, பட்டியலில் டிக் போடும் கட்டங்கள் எல்லாம் மடிப்புக்குள் போய்விட்டன. பிடிஎஃப்பில் பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது. அதனால் அச்சான மாதிரிப் பிரதி ஒன்றைக் கையில் வாங்கி, பேனாவால் எழுதிப் பார்க்காமல் ஒப்புதல் கொடுக்காதீர்கள்.

மின்னூலும் போட வேண்டுமா?

போடுங்கள், தேடிப் படிக்க வசதி. ஆனால் அகலமான அட்டவணைகள் போன் திரையில் சிதறும். அவற்றைச் சிறு சிறு பட்டியலாக உடையுங்கள். நிரப்பும் படிவங்களை உங்கள் சொந்த இணைய முகவரியில் பிடிஎஃப்பாக வைத்து, புத்தகத்தில் சுட்டி கொடுங்கள். கிண்டிலில் ராயல்டி, அமேசான் வகுத்த விலை வரம்புக்குள் இருந்தால் 70 சதவீதம்வரை, மற்றபடி 35. கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்ந்தால் 90 நாட்களுக்கு மின்னூலை வேறு விற்பனைத் தளங்களில் தரக் கூடாது, உங்கள் தளத்திலும்தான். அச்சுப் பிரதிக்கு அந்தத் தடை இல்லை.

ஏஐ வைத்து எழுதினால் சீக்கிரம் முடியுமே?

சீக்கிரம் முடியும். மேலே காட்டிய அந்த முதல் பத்தி மாதிரி இருநூறு பக்கம் கிடைக்கும். பதிவை எழுத்தாக்க, எழுத்துப் பிழை பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். பிரிவு எண்களையும் தீர்ப்புகளையும் அது சொன்னபடி நம்பிப் போடாதீர்கள், இல்லாததை இருப்பதுபோல் சொல்லிவிடும். ஏஐ உருவாக்கிய எழுத்தோ படமோ இருந்தால், 2023 செப்டம்பர் முதல் கேடிபியில் பதிவேற்றும்போது அறிவித்தாக வேண்டும்.

எடிட்டர் அவசியமா? நண்பர் தமிழாசிரியர், அவர் பார்த்துவிட்டார்.

அவர் பிழை திருத்தியிருப்பார், அதுவும் வேண்டியதுதான். அத்தியாய வரிசை சரியா, எங்கே படி விட்டுப்போயிருக்கிறது என்று பார்ப்பது வேறு வேலை. எடிட்டருக்குக் காசு இல்லையென்றால், தொழிலுக்கு வந்து ஆறு மாதம் ஆன இரண்டு பேரிடம் கொடுத்து, ஒரு அத்தியாயத்தை மட்டும் வைத்து நிஜ வேலை ஒன்றைச் செய்யச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்காருங்கள், வாய் திறக்காதீர்கள். அவர்கள் போனை எடுத்து யாரையாவது கேட்கிற இடம்தான் திருத்த வேண்டிய இடம்.

இதில் பணம் வருமா?

ராயல்டியை நம்பி வேலையை விடாதீர்கள். குறுகிய துறைக் கையேடு ஆயிரக்கணக்கில் விற்பது அபூர்வம். அது கொண்டுவருவது வேறு வழியில்: வகுப்பெடுக்க அழைப்பு, வேறு ஊர் முகவர்கள் அனுப்பும் வாடிக்கையாளர், பேரத்தில் உட்காரும்போது கிடைக்கும் நாற்காலி.

எங்கே விற்பது?

புத்தகத் தளங்களில் பட்டியலிடும்போது வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் பிஸாக் வகைப்பாட்டில் வணிகம், பொருளாதாரம் என்ற தலைப்பின் கீழ் ரியல் எஸ்டேட்டுக்குத் தனி இடமும் அதற்குள் உட்பிரிவுகளும் இருக்கின்றன. “சுயமுன்னேற்றம்” என்று போட்டால் காணாமல் போய்விடும். மற்றபடி, உரிமத் தேர்வுக்குப் பயிற்சி தரும் நிறுவனங்கள், தரகர் சங்கங்கள், பல முகவர்களை வைத்திருக்கும் அலுவலகங்கள் ஆகியவற்றை நேரில் பாருங்கள். ஒரு அலுவலக மேலாளர் முப்பது பிரதி வாங்குவார், கடையில் முப்பது பிரதி விற்க மாதக்கணக்காகும். போகும்போது புத்தகத்தை மட்டும் கொடுத்துவிட்டு வராதீர்கள். அவர்கள் ஆட்கள் அதிகம் சறுக்கும் வேலை எது என்று கேட்டு, அந்தப் பக்கத்தை விரித்துக் கையில் கொடுங்கள்.